கைக்குட்டையில் பெயிண்ட் வாசம்

முனிர்கா, தில்லியின் தெற்கே இருக்கிறது. ஒரு காலத்தில் அது வயல் சூழ்ந்த கிராமம். இன்று நகரம் அதை விழுங்கிவிட்டது. பக்கத்தில் ராமகிருஷ்ணபுரம். அங்கே குன்றின் மேல் மலை மந்திர் என்னும் முருகன் கோயில் இருக்கிறது. 2018 முதல் முனிர்காவுக்கு மெட்ரோ ரயிலும் வருகிறது.

ஆனால் ஊருக்குள் சந்துகள் குறுகல்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பிகள். நான்கு மாடி, ஐந்து மாடி வீடுகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பல மாநிலத்து மக்கள் இங்கே வாழ்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இந்தச் சந்து ஒன்றில் பாக்கியம் என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் நாம் வைத்ததுதான். கதையும் நாம் சொல்வதுதான். ஆனால் பாக்கியம் போன்றவர்களை நீங்கள் எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

பாக்கியத்தின் ஊர் சேலம் பக்கம். கணவன் மாரிமுத்து. கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கும் வேலை. பாக்கியம் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். காலை 6 மணிக்குப் போனால் 11 மணிக்கு வருவாள். மறுபடி மாலை 4 மணிக்குப் போவாள். திரும்பி வர இரவு 8 மணி ஆகும். ஒரே மகன் குமார். வயது 13. எட்டாம் வகுப்பு.

குமார் பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சோறு மூடி வைத்திருக்கும். சாப்பிடுவான். பிறகு தெருவுக்குப் போவான். அவன் என்ன செய்கிறான்? யாருடன் இருக்கிறான்? பாக்கியத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் துணி துவைத்தாள். குமாரின் கால்சட்டைப் பையில் ஒரு கைக்குட்டை இருந்தது. அது விறைத்துப் போயிருந்தது. மூக்கருகே கொண்டு போனாள். பெயிண்ட் வாசம்.

"அப்பா துடைத்த துணியை எடுத்துப் பையில் வைத்திருக்கிறான் பார்" என்று நினைத்தாள். சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டாள். அதோடு அதை மறந்துவிட்டாள்.

இரண்டு மாதம் போனது. குமார் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண் சிவந்திருந்தது. எப்போதும் மூக்கு ஒழுகியது. வாயைச் சுற்றிச் சிறு சிறு புண்கள். "வெயில் சூடு" என்று பாக்கியம் விளக்கெண்ணெய் தடவினாள். டப்பாவில் வைத்த 20 ரூபாய் காணாமல் போனது. அடுத்த வாரம் 50 ரூபாய் போனது. ஒருநாள் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. குமார் இந்த மாதம் 9 நாள் பள்ளிக்கு வரவில்லையாம்.

"எங்கடா போனே?" என்று கேட்டாள் பாக்கியம்.

குமார் பேசவில்லை. பேசியபோது வார்த்தை குழறியது.

அன்று இரவு பக்கத்து அறைச் செல்லம்மா அக்கா வந்தார். அவருக்கு வயது 60. தில்லிக்கு வந்து 35 வருடம் ஆகிறது. பல பிள்ளைகளைப் பார்த்தவர். அவர் குமாரின் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"பாக்கியம், இது சுலேசன் வாசம்" என்றார்.

சுலேசன் என்பது என்ன?

சைக்கிள் டியூப் பஞ்சரானால் ஒட்டுவார்கள் அல்லவா? அந்தப் பசையைத்தான் கடைக்காரர்கள் சுலேசன் என்பார்கள். அது சின்ன டியூப்பில் வரும். விலை மிகக் குறைவு. சிறுவர்கள் அதைத் துணியில் பிழிவார்கள். அல்லது பிளாஸ்டிக் பையில் விடுவார்கள். பிறகு முகர்வார்கள். பெயிண்டில் கலக்கும் தின்னரையும் இப்படி முகர்வது உண்டு. எழுத்தை அழிக்கும் வெள்ளை மையையும் முகர்வது உண்டு. அதற்கு வைட்னர் என்று பெயர்.

இந்தப் பொருள்களில் டொலுவீன் போன்ற ரசாயனங்கள் இருக்கின்றன. அவை காற்றில் எளிதில் ஆவியாகும். ஆவி மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும். சில நொடியில் மூளைக்குப் போய்விடும். தலை சுற்றும். மிதப்பது போல இருக்கும். பசி தெரியாது. பயம் தெரியாது. சில நிமிடத்தில் மயக்கம் இறங்கிவிடும். அதனால் மறுபடி முகர்வார்கள். மறுபடியும், மறுபடியும்.

பசி தெரியாது என்பதைக் கவனியுங்கள். தெருவில் வாழும் பிள்ளைகள் பலர் இதற்காகவே முகர்கிறார்கள். சோற்றை விட சுலேசன் மலிவு. அவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

உடலுக்கு என்ன ஆகும்? மூளையும் நரம்பும் கெடும். ஞாபகம் குறையும். கை நடுங்கும். ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். இவை நாள்பட வரும் கேடுகள். ஆனால் நாள்படாமலே வரும் கேடு ஒன்று உண்டு. முகர்ந்தவுடன் சில சமயம் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். அப்படியே நின்றுவிடும். முதல் முறை முகர்ந்த பிள்ளைகூட இப்படி இறக்கலாம். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். முகர்ந்துகொண்டே பீடி பற்றவைத்தால் முகம் வெந்து போகும்.

இங்கே ஒரு செய்தியை நன்றாக நினைவில் வையுங்கள். ஒரு பையன் முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். உடனே கத்தாதீர்கள். துரத்தாதீர்கள். அடிக்கக் கை ஓங்காதீர்கள். அந்த நேரத்தில் திடீர் பயமும் ஓட்டமும் இதயத்தை நிறுத்திவிடலாம். மெதுவாகப் பேசுங்கள். பொருளை வாங்கி அப்பால் வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 112 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். தனியாக விட்டுப் போகாதீர்கள்.

எத்தனை பிள்ளைகள்?

2016ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எத்தனை குழந்தைகள் போதைக்கு ஆளாகி இருக்கிறார்கள் என்று நாடு முழுதும் கணக்கெடுக்கச் சொன்னது. பிறகு தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு தழுவிய ஓர் ஆய்வு நடத்தியது. அறிக்கை 2019இல் வந்தது.

அதில் ஒரு கணக்கு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. மது, கஞ்சா போன்றவற்றில் பெரியவர்களே அதிகம். ஆனால் முகரும் போதையில் மட்டும் பிள்ளைகள் அதிகம். பெரியவர்களில் 1,000 பேருக்குச் சுமார் 6 பேர் முகர்கிறார்கள். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1,000 பேருக்குச் சுமார் 12 பேர் முகர்கிறார்கள். இரண்டு மடங்கு! உதவி தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர்.

ஏன் பிள்ளைகள் அதிகம்? யோசித்தால் புரியும். சாராயம் வாங்கப் பணம் வேண்டும். கஞ்சா வாங்க ஆளைத் தெரிய வேண்டும். சுலேசன் சைக்கிள் கடையில் கிடைக்கும். தின்னர் பெயிண்ட் கடையில் கிடைக்கும். பாக்கியம் வீட்டில் அது கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

ஆம். மாரிமுத்து மீதமான தின்னரைப் புட்டியில் கொண்டு வந்து வைப்பான். மறுநாள் வேலைக்கு வேண்டும் அல்லவா? குமாரின் நண்பன் ஒருவன் சுலேசனைக் காட்டிக் கொடுத்தான். சுலேசன் வாங்கக் காசு இல்லாத நாளில், குமார் கட்டிலுக்கு அடியில் கையை விட்டான்.

அப்பாவின் பெல்ட்

செல்லம்மா அக்கா பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்து வந்தான். அன்று சனிக்கிழமை. கூலி வாங்கிய நாள். குடித்திருந்தான். விஷயத்தைக் கேட்டான். இடுப்பு பெல்ட்டைக் கழற்றினான்.

"என் மானத்தை வாங்கிட்டியேடா!"

ஓர் அடி விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கினான்.

"நீ மட்டும் குடிக்கலாமா?" என்று கேட்டான் குமார்.

அறையில் சத்தமே இல்லை. மாரிமுத்து ஓங்கிய கையை இறக்கினான். பெல்ட்டைக் கீழே போட்டான். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

குமார் கேட்டது மரியாதை இல்லாத கேள்வி என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். பிள்ளையை அனுப்பிப் பீடி வாங்கி வரச் சொல்கிறோம். குடிக்கும்போது "கொஞ்சம் தண்ணி கொண்டா, ஊறுகாய் கொண்டா" என்கிறோம். திருவிழாவிலும் கல்யாணத்திலும் "ஒரு மூடி குடிடா, ஆம்பளை ஆகு" என்று மாமன்மார் சிரித்துக்கொண்டே ஊற்றுகிறார்கள். அந்தப் பிள்ளை 15 வயதில் குடித்தால் அப்போது பெல்ட்டைக் கழற்றுகிறோம்.

சின்ன வயதில் தொடங்கினால் அடிமையாவது எளிது. காரணம் உண்டு. மனித மூளை 20 வயதுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்லும் பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. பச்சை மரத்தில் விழும் வெட்டு ஆழமாக இறங்கும் அல்லவா? அப்படித்தான்.

குடி நோய் ஏழைக்கு மட்டும் வருவது அல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் பெண்மணி இருக்கிறார். அவர் வசதியான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். சாந்தி முடங்கி உட்காரவில்லை. 1980இல் குடிநோயாளிகளுக்காகக் கணவர் பெயரில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். பிறகு மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போனார். 1989இல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் நடத்தினார். அங்கே குடித்தவர்களுக்கு மட்டும் சிகிச்சை இல்லை. வீட்டாருக்கும் ஆலோசனை சொன்னார்கள். குடிப்பவர் ஒருவராக இருந்தாலும் வலி குடும்பம் முழுவதற்கும் இருக்கிறது. குமார் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது.

மருத்துவமனையில்

திங்கட்கிழமை பாக்கியம் வேலைக்கு லீவு சொன்னாள். ஒரு வீட்டு அம்மா அரைநாள் கூலியைப் பிடிப்பேன் என்றார். "பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். செல்லம்மா அக்காவும் கூட வந்தார். குமாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். மனநலப் பிரிவு என்றதும் பாக்கியத்துக்குப் பயம். "என் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று அழுதாள். பைத்தியம் இல்லை. போதைப் பழக்கத்தையும் அங்கேதான் பார்ப்பார்கள்.

டாக்டர் இரத்தம் சோதித்தார். ஈரலைப் பார்த்தார். "இதற்கு ஓர் ஊசி போட்டு நிறுத்த முடியாது. பேசிப் பேசித்தான் விடுவிக்க வேண்டும். வாரம் ஒரு முறை வாருங்கள். அப்பாவும் வர வேண்டும்" என்றார்.

ஆலோசகர் குமாருடன் தனியாகப் பேசினார். திட்டவில்லை. எப்போது முகரத் தோன்றுகிறது என்று கேட்டார். மாலையில், தனியாக இருக்கும்போது என்றான். எந்த இடத்தில்? பஞ்சர் கடைக்குப் பின்னால். யாருடன்? பெயர் சொன்னான். "சரி. அந்த நேரத்துக்கு வேறு வேலை வைப்போம். அந்த இடத்தை விட்டு வேறு வழியாகப் போவோம்" என்றார் அவர்.

நண்பன் கூப்பிட்டால் என்ன சொல்வது? அதையும் சொல்லிக் கொடுத்தார். நீளமாகக் காரணம் சொல்ல வேண்டாம். "வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். நின்று பேசினால் மாட்டிக்கொள்வாய். குமார் அதை நான்கு முறை சொல்லிப் பார்த்தான். முதல் முறை குரலே வரவில்லை.

மாரிமுத்து முதல் வாரம் போகவில்லை. இரண்டாவது வாரம் போனான். தின்னர் புட்டியை வேலை இடத்திலேயே பூட்டி வைக்க மேஸ்திரியிடம் கேட்டான். மேஸ்திரி முணுமுணுத்தார். பிறகு ஒத்துக்கொண்டார். மாரிமுத்து குடியை விட்டானா? விடவில்லை. ஆனால் வீட்டில் குடிப்பதை நிறுத்தினான். பாக்கியத்துக்கு அது போதவில்லை. அதை அவள் அவனிடம் சொல்லியும் விட்டாள்.

மூன்றாவது வாரம் குமார் மறுபடி முகர்ந்தான். பாக்கியம் உடைந்து போனாள். "எல்லாம் வீண்" என்றாள். ஆலோசகர் அப்படிச் சொல்லவில்லை. "வழுக்கி விழுந்தவன் மறுபடி எழுந்து நடப்பான். ஏன் வழுக்கியது என்று பார்ப்போம்" என்றார். அன்று பள்ளியில் எல்லோர் முன்னாலும் ஒருவன் குமாரைப் 'பவுடரி' என்று கேலி செய்திருக்கிறான். தில்லித் தெருக்களில் போதைக்காரனை இப்படிச் சொல்வார்கள். பெயர் வைத்துக் கூப்பிடுவது பிள்ளையை மறுபடி அந்த இடத்துக்கே தள்ளும்.

பாக்கியம் மாலை வேலையில் ஒரு வீட்டை விட்டாள். மாதம் கொஞ்சம் பணம் குறைந்தது. ஆனால் 6 மணிக்கு வீட்டுக்கு வந்தாள். குமார் தன் புத்தகத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவான். இந்தி எழுத்து அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லிக் கொடுத்தான். அவள் தமிழ் எழுத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

கடைக்காரரும் சட்டமும்

செல்லம்மா அக்கா சும்மா இருக்கவில்லை. சந்தில் இருந்த ஏழு பெண்களைச் சேர்த்தார். தமிழ்ப் பெண்கள் மட்டும் இல்லை. பீகார்ப் பெண்கள், வங்காளப் பெண்களும் வந்தார்கள். பஞ்சர் கடைக்குப் போனார்கள்.

"பையா, சின்னப் பசங்களுக்குச் சுலேசன் கொடுக்காதே. சைக்கிள் கொண்டு வந்தால் நீயே ஒட்டிக் கொடு" என்றார் அக்கா.

கடைக்காரருக்குக் கோபம் வந்தது. "சட்டத்தில் தடை இருக்கா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. கஞ்சாவுக்கும் ஹெராயினுக்கும் 1985ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சுலேசன் அப்படி இல்லை. அது தொழிலுக்கு வேண்டிய பொருள். வைட்னரையும் தின்னரையும் புட்டியில் அடைத்துச் சில்லறையாக விற்க 2012இல் மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் ஒட்டும் பசையை ஒரேயடியாகத் தடை செய்ய முடியாது. அதனால்தான் கடைக்காரரின் மனசாட்சியோடு பேச வேண்டியிருக்கிறது. அக்கா அதைத்தான் செய்தார். "உனக்கும் ஒரு பையன் இருக்கான்ல?" என்றார். அவ்வளவுதான்.

மற்ற பொருள்களுக்குச் சட்டம் கடுமையானது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவு. 18 வயது ஆகாதவருக்கு மது, போதை மருந்து, புகையிலை கொடுப்பது குற்றம். 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளைகளை வைத்துப் போதைப் பொருள் விற்பவருக்கும் இதே தண்டனை. இது 78ஆம் பிரிவு. பள்ளியைச் சுற்றி 100 கஜ தூரத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டின் சட்டம். தில்லியின் 2009ஆம் ஆண்டுக் கலால் சட்டம் 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடுத்தது.

கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுக்கும் மாமனும் 77ஆம் பிரிவில் வருவார். இதை அவரிடம் சொல்லுங்கள்.

படித்த பெண்கள் செய்தது

பெண்கள் சேர்ந்தால் என்ன நடக்கும்? ஆந்திராவில், நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஓர் ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு வகுப்பு நடந்தது. நாம் படிப்பது போலவே இரவில் படித்தார்கள். அவர்கள் புத்தகத்தில் ஒரு பாடம். சாராயத்தால் துன்பப்பட்ட ஒரு பெண்ணின் கதை. அதைப் படித்த பெண்கள் தங்கள் கதையாகவே பார்த்தார்கள். வகுப்பில் பேசினார்கள். பிறகு எழுந்து போய் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள்.

செய்தி பரவியது. 1992இல் மாவட்டம் முழுதும் பெண்கள் திரண்டார்கள். சாராயக் கடை ஏலத்தையே நடக்க விடவில்லை. 1993 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் முழுதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. சாராயத்தின் இடத்தில் மற்ற மதுக்கள் வந்தன. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் ஓர் அரசையே அசைத்தார்கள். அதைத் தொடங்கி வைத்தது ஒரு பாடப் புத்தகம்!

எங்கே உதவி கிடைக்கும்?

முனிர்காவிலிருந்து எய்ம்ஸ் மருத்துவமனையும் சப்தர்ஜங் மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். போதை நோய்க்கு எய்ம்ஸின் தனி மையம் காசியாபாத்தில் இருக்கிறது. தில்லிக்கு வெளியே இருப்பவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

போகும் முன் போனிலும் கேட்கலாம். போதையிலிருந்து விடுபட உதவும் எண் 14446. மனக் கவலைக்கு 14416. அதில் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழும் உண்டு. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. இவற்றுக்குப் பணம் இல்லை.

'நூறு சதவீதம் குணமாக்குவோம்' என்று சுவரில் எழுதியிருக்கும் தனியார் இல்லங்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பிள்ளையைக் கட்டி வைப்பதும் அடிப்பதும் சிகிச்சை ஆகாது. சேர்க்கும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். டாக்டர் வருகிறாரா என்று கேளுங்கள். பெற்றோர் வந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விட மாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

குமார் இப்போது பள்ளிக்குப் போகிறான். ஐந்து மாதம் ஆயிற்று. பாக்கியம் இன்னும் துணி துவைக்கும்போது கைக்குட்டையை முகர்ந்து பார்க்கிறாள். அவனுக்குத் தெரியும்படியே பார்க்கிறாள். முதலில் அவனுக்குக் கோபம் வந்தது. இப்போது அவனே கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறான்.

பேசுவோம்

பாக்கியம் முதல் நாளே கைக்குட்டையைப் பற்றிக் குமாரிடம் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? மாரிமுத்துவின் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா, இரக்கம் வருகிறதா? உங்கள் தெருவில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வகுப்பில் இருப்பவர்களோடு பேசுங்கள்.

எழுதுவோம்

14446, 14416, 1098, 112. இந்த நான்கு எண்களையும் பெரிதாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதற்கு என்று ஒரு சொல் எழுதுங்கள். பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.